உணவக மேசையும் வீட்டு மேசையும்: அயர்லாந்தின் 2020 கிறிஸ்துமஸ்

2020 நவம்பர் 27 அன்று அயர்லாந்துப் பிரதமர் மிஹால் மார்ட்டின், வரவிருந்த டிசம்பர் மாதத்துக்கான கால அட்டவணை ஒன்றை நாட்டு மக்களுக்கு அறிவித்தார். டிசம்பர் 1 முதல் கடைகளும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் திறக்கும். தேவாலயங்களில் கூட்டு வழிபாடு மீண்டும் தொடங்கும். டிசம்பர் 4 முதல் உணவகங்களும் உணவு பரிமாறும் பப்புகளும் திறக்கும். டிசம்பர் 18 முதல் ஜனவரி 6 வரை ஒரு வீட்டார் வேறு இரண்டு வீட்டாருடன் ஒன்றுகூடலாம்; தம் கவுண்டியின் எல்லையைத் தாண்டிப் பயணமும் செய்யலாம். இந்த அட்டவணையின் கடைசி இரண்டு தளர்வுகளும் ஒருசேர இடம்பெறக் கூடாது என்பதே அரசின் சொந்த ஆலோசனை அமைப்பான தேசியப் பொதுச் சுகாதார அவசரநிலைக் குழு தந்திருந்த அறிவுரை.

பெருந்தொற்றுக் கால ஆட்சிமுறையை ஆராய்வோர்க்கு இம்முடிவு இன்றும் பயன்தரும் ஓர் எடுத்துக்காட்டு. அரசுகள் பலவும் உயிரா, வாழ்வாதாரமா என்ற பொதுக் கேள்வியை எதிர்கொண்டன. அயர்லாந்தின் முன் வந்த கேள்வி அதைவிடக் குறுகியது; ஆகவே அளந்து பார்க்கத்தக்கது. தொற்று பரவுவதற்கான வாய்ப்பை ஓரளவுக்கு மட்டுமே அனுமதிக்க முடியும் என்றால், அந்த அளவை உணவகத்துக்குத் தருவதா, குடும்பத்துக்குத் தருவதா? தமிழில் ‘விருந்தோம்பல்’ என்பது இல்லறத்தின் கடமை. திருக்குறளும் அதை இல்லறவியலிலேயே வைத்துப் பேசுகிறது. ‘விருந்தோம்பல் துறை’ என்ற வணிகப் பொருள் அச்சொல்லுக்கு அண்மையில் சேர்ந்தது. அந்த டிசம்பரில் அயர்லாந்து அரசு நிறுத்துப் பார்த்தது இவ்விரு பொருள்களையுமே.

பின்னணியைச் சுருக்கமாகக் காணலாம். அயர்லாந்தில் பப்புகள் 2020 மார்ச் 15 அன்று மூடப்பட்டன. ஜூன் 29 அன்று உணவகங்களும் உணவு விற்கும் பப்புகளும் திறந்தன. குறைந்தது 9 யூரோ மதிப்புள்ள உணவை வாங்கினால்தான் மது பரிமாறலாம் என்ற விதி அப்போது வந்தது. உணவு சமைக்காமல் மது மட்டும் விற்கும் பப்புகள் செப்டம்பர் 21 வரை மூடியே கிடந்தன. டப்ளினில் இருந்தவை அப்போதும் திறக்கவில்லை. சிற்றூர்களில் இத்தகைய பப்பு என்பது ஊர்ப் பொதுமன்றம் போன்றது. தனியே வாழும் முதியவர் ஒருவர் வாரத்தில் நாலு பேரைக் காணும் ஒரே இடமாகவும் அது இருப்பதுண்டு. அதன் மூடலை வருவாய் இழப்பாக மட்டும் கணக்கிட முடியாது.

செப்டம்பர் 15 அன்று அரசு ஐந்து நிலைகள் கொண்ட கட்டுப்பாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் மருத்துவக் குழு மிகக் கடுமையான ஐந்தாம் நிலைக்கு உடனே செல்லுமாறு பரிந்துரைத்தது. அரசு அதை நிராகரித்து நாடு முழுவதும் மூன்றாம் நிலையை அறிவித்தது. துணைப் பிரதமர் லியோ வரத்கர் தொலைக்காட்சியில் அக்குழுவை வெளிப்படையாகவே விமர்சித்தார். இரண்டே வாரங்களில் நாள்தோறும் பதிவாகும் தொற்றுகள் 1,200-ஐத் தாண்டின. அக்டோபர் 21 நள்ளிரவு முதல் ஆறு வாரங்களுக்கு ஐந்தாம் நிலை நடைமுறைக்கு வந்தது. பிற வீடுகளுக்குச் செல்லத் தடை, ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டுமே நடமாட்டம், உணவகங்களில் பொட்டலம் மட்டும் என்பன அதன் விதிகள். பள்ளிகள் மட்டும் திறந்திருந்தன. நவம்பர் இறுதியில் அன்றாடத் தொற்று ஏறத்தாழ 300-ஆகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைந்த தொற்று விகிதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாக அயர்லாந்து டிசம்பரில் நுழைந்தது. மக்களின் ஆறு வாரத் துறவு ஈட்டித் தந்த இந்தச் சிறு சேமிப்பை எதற்குச் செலவிடுவது என்பதுதான் நவம்பர் விவாதத்தின் உட்பொருள்.

தலைமை மருத்துவ அதிகாரி டோனி ஹோலகன் தலைமையிலான குழுவின் வாதம் கணக்கு சார்ந்தது. கட்டுப்பாடுகள் எந்த வடிவில் தளர்ந்தாலும் மனிதத் தொடர்புகள் பெருகும். ஒன்றைத் திறந்தால் மற்றொன்றை அடைத்து வைக்க வேண்டும். கிறிஸ்துமஸையொட்டிக் குடும்பங்கள் கூடுவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் கூடாது என்றால், உணவகங்களும் பப்புகளும் தொடர்ந்து பொட்டல விற்பனையோடு நின்றுவிட வேண்டும். இரண்டையும் திறந்தால் மூன்றாவது அலை, இரண்டாவதைவிட வேகமாக எழக்கூடும் என்றும் குழு எச்சரித்தது.

அரசு வேறு முடிவை எடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை எளிதில் ஒதுக்கிவிடுவது நேர்மையான வரலாறு ஆகாது. விருந்தோம்பல் துறைக்கு டிசம்பர் என்பது ஆண்டின் மிகப்பெரிய பருவம். மார்ச் முதல் பெரும்பகுதி மூடிக் கிடந்த தொழில் அது. அதில் உழைப்போருள் இளைஞரும் பகுதிநேரப் பணியாளரும் மிகுதி. உணவகம் கண்காணிக்கத்தக்க இடம் என்பது அத்துறையினரின் வலுவான வாதம்: மேசைக்கு ஆறு பேர், இடைவெளி, நேர வரம்பு, வாடிக்கையாளரின் தொடர்பு விவரம் ஆகிய அனைத்தும் அங்கே உண்டு, அதை அடைத்தால் அதே மனிதர்கள் எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாத வீட்டு வரவேற்பறையில் கூடுவார்கள் என்றனர். நீண்ட அடைப்பால் களைத்த மக்கள் இனி எவ்வளவு தூரம் விதிகளுக்கு இணங்குவார்கள் என்ற ஐயமும் அமைச்சரவைக்கு இருந்தது. ‘அர்த்தமுள்ள கிறிஸ்துமஸ்’ என்ற தொடர் அந்நாள்களில் அரசியல்வாதிகளின் பேச்சில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

இவ்விரு தரப்பும் சான்றாகக் காட்டிய தரவுகள் தனி ஆய்வுக்குரியவை. பதிவான தொற்றுத் தொகுப்புகளில் பெரும்பாலானவை வீடுகளில் நிகழ்ந்தவை. உணவகங்களோடும் பப்புகளோடும் இணைக்கப்பட்டவை மிகச் சில. ஆகவே எங்களைக் குற்றம் சாட்ட ஆதாரமில்லை என்றது தொழில்துறை. ஆனால் அயர்லாந்தின் தொடர்புத் தடமறிதல் முறை முன்னோக்கியே பார்த்தது. நோயாளி அறிகுறிகளுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பிருந்து யாரைச் சந்தித்தார், அவருக்கு நோய் பரவியிருக்குமா என்று அது கேட்டது. அந்த நோயாளிக்கு எங்கிருந்து தொற்றியது என்று பின்னோக்கித் தேடுவது வழக்கமான நடைமுறையாக இல்லை. ஒருவர் உணவகத்தில் தொற்றைப் பெற்று வீட்டில் நால்வருக்குக் கொடுத்தால், பதிவேட்டில் இடம்பெறுவது வீடு. உணவகம் அங்கே தோன்றுவதில்லை. சான்று இல்லாமை இங்கே நிகழ்வின் இன்மையைக் காட்டவில்லை. பதிவேடு எந்தக் கேள்விக்காக உருவாக்கப்பட்டது என்பதையே காட்டுகிறது. குடியேற்றக் கால வரிப் பதிவேடுகளைப் படிப்போர்க்கு இச்சிக்கல் புதிதல்ல.

அட்டவணையின் காலவரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. அயர்லாந்துச் சட்டப்படி கிறிஸ்துமஸ் நாளன்று பப்புகளில் மது விற்கக் கூடாது. எனவே பண்டிகை நாளில் பப்புக்கும் வீட்டுக்கும் போட்டியே இல்லை. பப்புகளும் உணவகங்களும் நிரம்புவது அதற்கு முந்தைய வாரங்களில்: அலுவலக விருந்துகள், பழைய பள்ளித் தோழர் சந்திப்பு, வேற்றூரில் பணியாற்றி ஊர் திரும்பியோரின் கூடுகை. குடும்பத்தின் பருவம் டிசம்பர் 24 மாலையில் தொடங்கி, ‘பெண்களின் கிறிஸ்துமஸ்’ என வழங்கப்படும் ஜனவரி 6 வரை நீள்கிறது. அரசின் தளர்வுக் காலமும் துல்லியமாக அந்நாளில்தான் முடிந்தது. தீநுண்மி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்தாறு நாள்கள் ஆகும். அறிகுறிக்கு முன்பே அது பிறருக்குப் பரவவும் செய்யும். டிசம்பர் 19 அன்று நண்பர்களோடு உணவகத்தில் அமர்ந்தவர், பிறருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடிய நாளில் பாட்டி தாத்தாவின் மேசையில் அமர்ந்திருப்பார். முதலில் உணவகம், பிறகு குடும்பம் என்ற வரிசை, இளையோரிடமிருந்து முதியோரிடம் தொற்றை எடுத்துச்செல்லும் வரிசையாகவும் அமைந்துவிட்டது.

நடந்தது இதுதான். டிசம்பர் நடுப்பகுதியில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பிரிட்டனில் புதிய திரிபு கண்டறியப்பட்ட செய்தி வந்ததும், டிசம்பர் 20 நள்ளிரவு முதல் அங்கிருந்து வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. டிசம்பர் 22 அன்று அரசு தன் அட்டவணையைத் திருத்தியது: உணவகங்களும் பப்புகளும் 24 அன்று பிற்பகல் 3 மணிக்கு மூடும், 26-க்குப் பின் கவுண்டிகளுக்கு இடையே பயணம் கூடாது, 27 முதல் வேறு ஒரு வீட்டாரை மட்டுமே சந்திக்கலாம். டிசம்பர் 30 அன்று முழுமையான ஐந்தாம் நிலை திரும்பியது. ஜனவரி 8 அன்று ஒரே நாளில் 8,248 தொற்றுகள் அறிவிக்கப்பட்டன. அவ்வாரத்தில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிகத் தொற்று பதிவான நாடு அயர்லாந்து. ஜனவரி நடுவில் மருத்துவமனைகளில் இருந்த கோவிட் நோயாளிகள் 2,000-ஐத் தாண்டினர். 2020 இறுதிவரை அந்நாட்டில் பதிவான மொத்த இறப்புகள் ஏறத்தாழ 2,200. 2021 ஜனவரியில் மட்டும் 1,000-க்கும் மேல். முதல் தடுப்பூசி டிசம்பர் 29 அன்று டப்ளினில் போடப்பட்டிருந்தது. முதியோர் இல்லங்களில் இறந்தவர்கள் பலருக்கு அது சில வாரங்களே தள்ளியிருந்தது.

இப்பேரலைக்குக் காரணம் திரிபா, கூடுகையா என்ற வாதம் உடனே எழுந்தது. மாதிரிகளில் புதிய திரிபின் பங்கு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் பாதியை நெருங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மைக் ரயன், அவரும் அயர்லாந்துக்காரர், எழுச்சியைத் தொடக்கி வைத்தது கூடுகைகளின் பெருக்கமே, திரிபு அதன்மேல் வந்து சேர்ந்தது என்று விளக்கினார்.

ஆனால் மறு தெரிவைச் செய்த நாடும் தப்பிவிடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேல்ஸில் மார்க் டிரேக்ஃபர்ட் அரசு டிசம்பர் 4 முதல் பப்புகளிலும் உணவகங்களிலும் மது பரிமாறுவதை முற்றாகத் தடைசெய்து, மாலை 6 மணிக்கு அவற்றை அடைத்தது. கிறிஸ்துமஸில் குடும்பங்கள் கூட இடம் விடுவதே நோக்கம். எனினும் டிசம்பர் 20 தொடங்கும்போதே வேல்ஸ் முழு அடைப்புக்குள் சென்றது. ஐந்து நாள் தளர்வு, கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாளாகச் சுருங்கியது. 17 நாள் அடைப்பை நவம்பர் 9 அன்றே முடித்துக்கொண்ட வேல்ஸ், அயர்லாந்தைவிட மிக உயர்ந்த தொற்று அளவோடு டிசம்பரில் நுழைந்திருந்தது. உணவகத்தை அடைப்பது மட்டுமே குடும்பத்தைக் காக்கும் என்ற எளிய பாடத்தை இவ்வொப்பீடு மறுக்கிறது. தெரிவு செய்யும் உரிமையே தொற்று குறைவாக உள்ள நாட்டுக்குத்தான் உண்டு. அயர்லாந்துக்கு அது இருந்தது. அதனாலேயே அதன் முடிவு கூடுதல் பொறுப்புக்கு உரியதாகிறது.

அம்முடிவை எடுத்தவர்களின் அறியாமை என்று விளக்குவது பொருந்தாது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. விளக்கத்தைப் பேச்சுரிமையின் ஏற்றத்தாழ்வில் தேடலாம். உணவக உரிமையாளர்க்கும் பப்பு உரிமையாளர்க்கும் சங்கங்கள் உள்ளன. அவை அமைச்சர்களைச் சந்திக்கும், கணக்குகளைக் காட்டும். குடும்பத்துக்குச் சங்கம் இல்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவருக்காக எவரும் இழப்பீட்டுத் தொகை கேட்டுப் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. மூடிய வணிகத்துக்கு வாரத்துக்கு 5,000 யூரோ வரை வழங்கும் திட்டமும், வேலையிழந்தோர்க்கு வாரத்துக்கு 350 யூரோ வரை வழங்கும் உதவியும் அப்போதே நடைமுறையில் இருந்தன. அவை போதுமானவை அல்ல என்று வாதிடலாம். ஆனாலும் அடைக்கப்பட்ட உணவகத்துக்கு அரசு பணத்தால் ஓரளவேனும் ஈடுசெய்ய முடிந்தது. வீட்டு மேசையில் காலியான இருக்கைக்கு அத்தகைய தலைப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை. ஈடுசெய்யத்தக்க இழப்பையும் ஈடுசெய்ய முடியாத இழப்பையும் ஒரே தராசில் வைத்தபோது, குரல் உள்ளதன் பக்கம் தட்டு தாழ்ந்தது.

அடுத்த ஆண்டு ஒமைக்ரான் திரிபோடு அதே கேள்வி திரும்பி வந்தது. 2021 டிசம்பர் 20 முதல் பப்புகளும் உணவகங்களும் இரவு 8 மணிக்கு அடைக்கப்பட்டன. மருத்துவக் குழு கேட்டது மாலை 5 மணி. நான்கு வீட்டார் வரை ஒரு வீட்டில் கூடலாம் என்ற விதி மட்டும் மாற்றப்படாமல் விடப்பட்டது. முந்தைய ஆண்டின் வரிசையை அரசு வெளிப்படையாகத் தவறு என்று கூறவில்லை. ஆயினும் இம்முறை நேரம் குறைக்கப்பட்டது உணவக மேசைக்கு. 2022 ஜனவரி 22 அன்று பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீங்கியபோது, பப்புகள் மீண்டும் தம் வழக்கமான நேரம்வரை திறந்திருந்தன. அவற்றுள் பலவற்றில், அந்த ஜனவரி எடுத்துச்சென்ற வாடிக்கையாளரின் நாற்காலியும் இருந்திருக்கும்.