மணற்குழியிலிருந்து உலகப் பட்டத்துக்கு: பிரான்சிஸ் என்கானு

கமரூனின் பட்டியே கிராமத்தில் 1986இல் பிறந்த பிரான்சிஸ் என்கானு, சிறுவயதிலேயே மணல் அகழும் குழியில் கூலிக்கு இறங்கியவர். குத்துச்சண்டை வீரராகும் கனவோடு 2012இல் ஊரைவிட்டுப் புறப்பட்டார். சகாரா பாலைவனத்தைக் கடந்து மொரோக்கோவை அடைந்தவர், ஸ்பெயினுக்குள் நுழைய முயன்று பலமுறை பிடிபட்டார். கடைசியில் காற்றடைத்த சிறு படகில் கடல் கடந்தார். ஸ்பெயினில் இரண்டு மாதத் தடுப்புக்காவல். பிறகு பாரிஸில் வாகனத் தரிப்பிடத்தில் உறக்கம். படகேறிய எவருக்கும் இந்த வழியை விளக்கத் தேவையில்லை.

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலைக்கு அவர் மாறியது பாரிஸில்தான். 2018இல் யூ.எஃப்.சி. அதிபார எடைப் பட்டப் போட்டியில் ஸ்டீபே மியோசிச்சிடம் தோற்றார். 2021 மார்ச்சில் அதே மியோசிச்சை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார்.

2023 ஜனவரியில், பட்டம் கையிலிருக்கும்போதே அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். வீரர்களுக்கு மருத்துவக் காப்புறுதி, நிறுவனக் கூட்டங்களில் அவர்கள் சார்பில் பேச ஒருவர் என்று அவர் கேட்டவை கிடைக்கவில்லை. ஒரு சம்பியன் சக வீரர்களுக்காக இப்படிப் பேரம் பேசுவது அபூர்வம்.

அதே ஆண்டு ஒக்டோபரில் ரியாத்தில் முதன்முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையேறி, டைசன் ஃபியூரியை மூன்றாம் சுற்றில் தரையில் விழுத்தினார், புள்ளிகளில் தோற்றார். 2024 ஏப்ரலில் 15 மாத மகனை இழந்தார். ஒக்டோபரில் மீண்டும் கூண்டுக்குள் இறங்கி, ரெனான் ஃபெரெய்ராவை முதற்சுற்றிலேயே வென்றார். அந்த வெற்றியை மகனுக்கே சமர்ப்பித்தார்.