துயிலும் கணிப்பொறியும் விழித்திருக்கும் எண்ணியும்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் களப்புக்கும் மேற்கே விரியும் இந்து சமுத்திரத்துக்கும் இடையில் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது எத்தாளை. அக்குடாநாட்டுக்கு அப்பாலுள்ள பவளப் பாறைத் தொடர், 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமேறியமையால் வெளிறிப் பெருமளவு அழிந்தது. அத்தகைய வெப்பம் எந்நாளில் ஏறத் தொடங்குகின்றது, எத்துணை நாள் நிலைக்கின்றது என்று அறிய வேண்டின், மணிக்கொருமுறை நீரின் வெப்பநிலையைக் குறிக்கும் கருவியொன்று ஓராண்டேனும் ஆளின்றிக் கடலடியிற் கிடத்தல் வேண்டும். அங்கே மின்கம்பி இல்லை. இரண்டு சிறு மின்கலங்களே அதன் உணவு. அதனுள் இருக்கும் சிறு கணிப்பொறி எந்த எண்ணியைக் கொண்டு காலத்தை அறிகின்றது என்னும் வினா பார்வைக்குச் சிறிது. எனினும், கருவி ஆண்டு முடியுமுன் மாள்வதும் பல்லாண்டு வாழ்வதும் அதனையே பொறுத்தன.

காலத்தை அளப்பது ஒன்று. அளந்ததை அறிவிப்பது மற்றொன்று. முல்லைப்பாட்டுப் பாசறையில் நீர்க்கன்னல் தானே ஓடிக்கொண்டிருக்க, அதனை நோக்கியறிந்து நாழிகைக் கணக்கர் அரசனுக்குப் பொழுது சொல்கின்றனர். கன்னலுக்கு உறக்கமில்லை, அரசன் உறங்கலாம். (அப்பாட்டின் அரசன் உறக்கமின்றிக் கிடந்தான் என்பது வேறு கதை.) இவ்வேறுபாட்டைக் கணிப்பொறி வல்லார் செயலிற் கொணர நெடுங்காலம் சென்றது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில், இன்டெல் 8253 என்னும் எண்ணிச் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 18.2 முறை முறைவழியாக்கியை இடைமறித்துக் காலம் சொல்லிற்று. 1991இல் தோன்றிய லினக்ஸ் இயக்குதளத்தின் கரு இத்துடிப்பை 100 ஆகக் கொண்டது. 2003இல் வந்த 2.6ஆம் பதிப்பில் அது 1000 ஆயிற்று. மடிக்கணினிகளின் மின்செலவு முதலிய காரணங்களால் 2005இல் இயல்பளவு 250 ஆகக் குறைந்தது. வேலை இருப்பினும் இல்லாவிடினும் துடிப்பு மட்டும் ஓயவில்லை. காவற்காரன் இரவு முழுவதும் வீட்டாரைத் தட்டியெழுப்பி, “ஒன்றுமில்லை, உறங்குங்கள்” என்று சொல்வதை ஒத்தது இது.

இக்குறையை முதலில் உணர்ந்தோருள் மின்கலத்தையே காணாத பெருங்கணிப்பொறிக்காரர் இருந்தமை சுவையான செய்தி. ஐ.பி.எம். எஸ்/390 பொறியொன்றிற் பல லினக்ஸ்கள் ஒருங்கே வதிந்தபோது, வேலையற்றுக் கிடந்த ஒவ்வொன்றின் வெறுந்துடிப்பும் சேர்ந்து பொறியின் ஆற்றலை விழுங்கிற்று. எனவே, 2001இலேயே அதற்குத் துடிப்பற்ற கருவை ஆக்கும் முயற்சி எழுந்தது. தோமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் முதலியோரின் உழைப்பால், 2007 ஏப்ரிலில் வெளிவந்த 2.6.21ஆம் பதிப்பு சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் அவ்வசதியை நல்கிற்று. “இப்போது நேரம் என்ன?” என்பதற்கு விடை தரும் எண்ணி வேறு, “இன்ன நேரத்தில் எழுப்பு” என்னும் கட்டளையை ஏற்கும் எண்ணி வேறு எனக் கரு பிரித்துணர்ந்தமையே இதன் உயிர்நாடி. ஆயினும் ஒரு சிக்கல் நின்றது. முறைவழியாக்கியின் உள்ளேயே அமைந்த நுண்ணிய எண்ணி, ஆழ்ந்த துயிலில் தானும் உறங்கிவிடுவதுண்டு. அப்போது வெளியிலுள்ள மெதுவான எண்ணியொன்றே எழுப்ப வேண்டியிருந்தது.

கடலடிக் கருவிக்கு நெருங்கிய வரலாறு பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 2005இல் அங்குள்ளோர் விளக்கியெழுதிய டெலோஸ் என்னும் உணரிக் கணு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்.எஸ்.பி.430 வகைச் சில்லைக் கொண்டது. அச்சில்லு 2.2 வோல்ற்றில், 1 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் விழித்திருக்க 330 மைக்கிரோ அம்பியர் வேண்டும். 32,768 ஹேர்ட்ஸ் பளிங்கினால் ஓடும் எண்ணியை மட்டும் விழிக்கவிட்டுத் துயில 1.1 மைக்கிரோ அம்பியர் போதும். 2000 மில்லியம்பியர்-மணி மின்கலமாயின், ஓயாது விழித்திருக்கும் சில்லுக்கு ஏறத்தாழ 252 நாட்களே ஆயுள். துயிலும் சில்லுக்கோ கணக்கு இருநூறு ஆண்டைத் தாண்டுகின்றது. மின்கலம் தானாகவே வலுவிழந்து போவதுதான் அங்கே எல்லை.

கைக்கடிகாரத்திலும் இப்பளிங்கே உண்டு. 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கின் செக்கனுக்கு ஒரு துடிப்பு. ஆனால், எண்ணி 16 பிற்று அகலமுடையதாயின் இரண்டு செக்கனில் நிரம்பிவிடும். ஒரு மணி நேரத் துயிலுக்கு 1800 வீண் விழிப்புகள்! மீடிறனை 64ஆல் வகுத்தால் எண்ணி நிரம்ப 128 செக்கன் ஆகும். வீண் விழிப்பு 28 ஆகச் சுருங்கும். அப்போது ஓர் எண்ணிக்கை செக்கனின் 512இல் ஒரு பங்காகப் பருத்துவிடும் என்பது உண்மை. கடல்நீரின் வெப்பத்துக்கு அது பொருட்டன்று. நுண்ணளவு வேண்டுமிடத்து, விழித்த பின் வேகமான எண்ணியை நாடலாம்.

பளிங்கும் பிழையற்றதன்று. 25 பாகை செல்சியசிலிருந்து எப்பக்கம் விலகினும் அது பிந்தும். அப்பிந்துகை விலகலின் வர்க்கத்தோடு வளரும். 30 பாகை நீரில் இது புறக்கணிக்கத்தக்கது. அதே கருவி கரை மணலில் வெயில் காய்ந்து 60 பாகையை எட்டுமாயின், அந்நிலை நீடிக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.6 செக்கன் பிந்தும்.

அண்மைக் காலத்தில் எண்ணியின் அகலச் சிக்கல் பெரிதும் நீங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகிய ‘சக்தி’ முறைவழியாக்கிகள் பின்பற்றும் றிஸ்க்-வி விதிமுறை 64 பிற்று நேர எண்ணியை வகுக்கின்றது; 32,768 ஹேர்ட்ஸில் அது நிரம்பக் கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லும். எனினும் அவ்வெண்ணியின் மீடிறன் மாறாதிருக்க வேண்டும் என்பதே விதி. அம்மீடிறன் எத்துணை, அதனை ஊட்டும் பளிங்கு எது, துயிலின்போது அதற்கு மின் கிடைக்குமா என்பனவற்றை விதி வரையறுக்கவில்லை. சில்லை அமைப்போரே தீர்மானிக்கின்றனர்.