கைப்பேசியில் தமிழும் நாடும்: வட்டாரத் தரவின் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் இடம்பெற்ற வரலாற்றை எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகியவற்றின் வரலாறாகவே நாம் பெரிதும் எழுதி வந்துள்ளோம். மொழியோடு நாட்டையும் சேர்த்துக் குறிக்கும் வட்டாரத் தரவு அவ்வரலாற்றின் அடுத்த படியாகும். அத்தரவில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழுக்குக் கிடைத்துள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்திலிருந்து வழக்கிற்கு

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும், வெவ்வேறு குறியேற்றங்கள் நெடுநாள் புழங்கின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் இச்சிக்கலை ஆய்ந்தன. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் தோன்றியது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டு, தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவகுத்தது.

எழுத்தைக் காட்டுவதோடு கருவியின் பணி முடிவதில்லை. நாள், நேரம், எண், நாணயம் ஆகியவற்றை அந்தந்த நாட்டு வழக்கில் காட்டவும் அது அறிந்திருத்தல் வேண்டும். இதற்கான பொதுத் தரவுக் களஞ்சியத்தின் முதற்பதிப்பு 2003இல் வெளிவந்தது. 2004இல் யூனிகோடு கூட்டமைப்பு அதன் பொறுப்பை ஏற்றது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இயங்குதளங்கள் இத்தரவையே பயன்படுத்துகின்றன.

தாய்த் தரவும் கிளைத் தரவும்

இக்களஞ்சியத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுக் கிளைகள் உள்ளன. 'தமிழ்' என்று மட்டும் குறிக்கப்பெறும் தாய்த் தரவு, இந்திய வழக்கையே இயல்பாகக் கொண்டுள்ளது. ஏனைய கிளைகள் வேறுபடும் கூறுகளை மட்டும் பதிவு செய்து, எஞ்சியவற்றைத் தாய்த் தரவிலிருந்து பெறுகின்றன. சான்றாக, இந்தியக் கிளையில் 10,00,000 என அமையும் எண், மலேசிய, சிங்கப்பூர்க் கிளைகளில் 1,000,000 என அமையும். அங்குப் பத்து இலட்சம் எனப்படுவது இங்கு ஒரு மில்லியன் ஆகும்.

செயலியை உருவாக்குவோர் மொழியைக் குறித்து நாட்டைக் குறிக்காது விடின், கோலாலம்பூர் மாணவருக்கும் இந்திய எண் பிரிப்பே தோன்றும். வகுப்பறையில் மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து எண் பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இது குழப்பம் விளைவிக்கும்.

முடிவுரை

தனிக் கிளைகள் அமைந்தமை நம் வழக்கிற்குக் கிடைத்த ஏற்பு எனலாம். எனினும், அவற்றில் பதிவானவை எண் பிரிப்பு, நாணயக் குறி போன்ற சிலவே. ரிங்கிட்டையும் சிங்கப்பூர் டாலரையும் 'வெள்ளி' என வழங்கும் நம் மரபு இக்கிளைகளில் இடம்பெறத் தக்கதா என்பது, மொழியறிஞரும் ஆசிரியரும் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டிய வினாவாகும். இக்களஞ்சியம் பங்களிப்போரின் பரிந்துரைகளாலும் வாக்குகளாலும் வளர்வது. பரிந்துரைப்போர் இல்லாதவிடத்துத் தாய்த் தரவே நிலைபெறும். ஆகவே, இந்நாடுகளின் தமிழ்த் துறைகளும் ஆசிரியர் அமைப்புகளும் நம் வழக்குகளைத் தொகுத்து, அக்களஞ்சியத்திற்கு வழங்க முன்வருதல் வேண்டும்.