பேப்பர் பையின் கைப்பிடி பிய்வது ஏன்? 1912-லேயே கிடைத்த விடை

ஜவுளிக்கடை பேப்பர் பையைத் தூக்கிட்டு வரும்போது பாதி வழியில் கைப்பிடி கையோடு வந்துவிடும். பார்த்தால், கயிறு அறுந்திருக்காது. ஓட்டையைச் சுற்றியுள்ள பேப்பர்தான் கிழிந்திருக்கும். மொத்த எடையையும் அந்தச் சின்ன இடம் தாங்க வேண்டியிருப்பதே காரணம்.

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் மளிகைக்கடை வைத்திருந்த வால்டர் டியூப்னர், கையில் தூக்க முடிகிற அளவுக்குத்தான் வாடிக்கையாளர்கள் பொருள் வாங்குவதைக் கவனித்தார். 1912-ல் அவர் செய்த பையில், கயிறு அடிப்பகுதியையும் சுற்றி வந்து மேலே கைப்பிடியானது. எடையைக் கயிறே ஏந்திக்கொண்டது. 75 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ தாங்கும் என்று சொல்லி 5 சென்ட்டுக்கு விற்றார். கடைக்காரர் மூளை!

இப்போதைய பைகளில் கயிறு அடிவரை போவதில்லை. வாய்ப்பகுதியை உள்ளே மடித்து, மடிப்புக்குள் அட்டை வைத்து, ஓட்டை போட்டு, கயிற்றைக் கோத்து முடிச்சு போடுகிறார்கள். முறுக்கிய பேப்பர் கைப்பிடி என்றால், அதன் முனைகளை ஒரு பேப்பர் பட்டையோடு சேர்த்துப் பையில் ஒட்டுவார்கள். பட்டை அகலமானால் இழுவை பரவும். நனைந்தால் மட்டும் இந்த வகை கொஞ்சம் ரிஸ்க்.

கயிறு வைத்த பை வாங்கினால், வாய் மடிப்பைத் தடவிப் பாருங்க. அட்டை தட்டுப்படவில்லையா? அடியில் ஒரு கை கொடுத்தே தூக்குங்க.