ஷெர்பா: இனப்பெயர் தொழிற்பெயரான வரலாறு

'ஷெர்பா' என்னும் திபெத்தியச் சொல்லுக்குக் 'கிழக்கத்தியர்' என்பது பொருள். அது ஓர் இனத்தின் பெயர். நேபாளத்தின் சோலுகும்புவிலிருந்து கூலிவேலை தேடி டார்ஜிலிங் வந்த அவ்வினத்தார், ஐரோப்பிய மலையேற்றக் குழுக்களின் சுமைதூக்கிகளாயினர். 1922இல் எவரெஸ்ட் பனிச்சரிவில் மாண்ட எழுவரும் சுமைதூக்கிகளே. ஐரோப்பியர் எவரும் அதில் இறக்கவில்லை.

1928இல் தோன்றிய இமாலயன் கிளப் சுமைதூக்கிகளுக்குப் பதிவேடு வைத்தது. பின்னர்ச் சிறந்தோர்க்குப் 'புலி'ப் பதக்கம் வழங்கியது. பிழைப்புக்காகப் பழகிய திறனும் துணிவும் பயண நூல்களில் பிறவிக்குணமாகப் புகழப்பட்டன. அப்புகழ்ச்சியில் கூலியும் உயிரிழப்பும் மறைந்தன.

1953இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த டென்சிங் நோர்கே, 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் களப்பயிற்சி இயக்குநரானார். சுமை தூக்கியவர் ஆசிரியரானார்.

இன்று பிற இனத்து மலைவழிகாட்டிகளையும் பயணிகள் 'ஷெர்பா' என்றே அழைக்கின்றனர். இச்சொல்லைப் பண்பாட்டு அடையாளமாக மட்டும் வாசிப்போர், அதனுள் உறைந்துள்ள உழைப்பின் வரலாற்றைத் தவறவிடுவர்.