எச்.பி.வி தடுப்பூசி

எச்.பி.வி தடுப்பூசி என்பது மனித பாப்பில்லோமா தீநுண்மத்தால் ஏற்படும் தொற்றைத் தடுக்கும் மருந்து ஆகும். பாலுறவு வழியாகப் பரவும் இத்தீநுண்மமே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் ஆகும். இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் இப்புற்றுநோய் ஏறத்தாழ 1.27 இலட்சம் பெண்களுக்குப் புதிதாக ஏற்பட்டதாகவும், 80,000 பேர் வரை இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

செயற்படும் முறை

இத்தீநுண்மத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய வகைகள் காரணமாகின்றன. இவற்றைக் கண்டறிந்த செருமானிய அறிவியலாளர் அரால்டு சூர் ஆசென் 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். தீநுண்மத்தின் வெளியுறைப் புரதம் மட்டுமே தடுப்பூசியில் உள்ளது. மரபுப்பொருள் இல்லாததால் இதனால் தொற்று ஏற்படாது. ஏற்கனவே ஏற்பட்ட தொற்றை இது குணப்படுத்தாது. எனவே பாலுறவு தொடங்கும் முன்னர், 9 முதல் 14 வயதுக்குள் செலுத்துதல் சிறந்தது. எய்ட்சு, கிரந்தி, வெட்டை நோய் போன்றவற்றை இது தடுக்காது. அவற்றுக்கு ஆணுறையும் பாலியல் நலக் கல்வியும் தேவை.

இந்தியாவில் வரலாறு

2009 இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குச் செயல்விளக்கத் திட்டமாக இத்தடுப்பூசி செலுத்தப்பட்டது. சிறுமியர் எழுவர் இறந்ததை அடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என விசாரணைக் குழு கருதியது. எனினும் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டதை 2013 இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

அதே காலத்தில் நடைபெற்ற மற்றோர் ஆய்வும் இத்தடையால் பாதியில் நின்றது. இதனால் பல சிறுமியர் ஒரு தவணை மட்டுமே பெற்றிருந்தனர். அவர்களைத் தொடர்ந்து கண்காணித்ததில், ஒரு தவணையும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து வலுவான பாதுகாப்புத் தருவது 2021 இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. 2022 இல் உலக சுகாதார அமைப்பு 9 முதல் 20 வயது வரையினருக்கு ஒரு தவணையும் போதும் என அறிவித்தது. நோயெதிர்ப்புத் திறன் குன்றியோருக்குக் கூடுதல் தவணைகள் தேவை. புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவாக் என்னும் உள்நாட்டுத் தடுப்பூசிக்கும் அதே ஆண்டில் உரிமம் கிடைத்தது.

தமிழ்நாட்டில்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடைபெற்ற ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது. தடுப்பூசி பெற்றவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி செலுத்த 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பள்ளி வழித் திட்டங்கள் படிப்பை இடையில் நிறுத்தியோரைச் சென்றடைவது கடினம். திருப்பூரை அடுத்த அருள்புரம் போன்ற பின்னலாடைப் பகுதிகளில் வெளி மாவட்ட, வெளி மாநில இளம்பெண்கள் விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர். பெற்றோர் தொலைவில் உள்ள இத்தகைய இடங்களில், தாய்மொழியில் விளக்கிப் பெறும் முறையான ஒப்புதல் இன்றியமையாதது என்பதே கம்மம் நிகழ்வு தரும் பாடம் ஆகும்.