குட்டிக் கோவாவின் கசப்பு: குற்றம் மரக்கறியிலா, சமையலிலா?

பிரித்தானியாவில் வசிக்கும் உறவினர்கள் யாரிடமாவது "பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ் பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பதில் இன்னும் வேகமாக வரும். டிசம்பர் மாதத்தில் நத்தார் விருந்துக்காக அந்நாட்டுக் கடைகளில் குவிந்து கிடக்கும் இந்தச் சின்னஞ்சிறு மரக்கறியைப் போல் பகிடிக்கு ஆளான மரக்கறிகள் குறைவு. பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்கள். பெரியவர்கள் "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு விழுங்குவார்கள்.

ஆனால் அண்மைக் காலத்தில் நிலைமை மாறி வருகிறது. உணவகங்களில் இதற்கென்றே தனி இடம் கிடைத்திருக்கிறது. வீடுகளில் எயார் பிரையரில் மொறுமொறுப்பாக இறக்கி வைத்தால் ஒதுக்கி வைத்தவர்களே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். இடையில் என்ன நடந்தது? மனிதரின் நாக்கு மாறிவிட்டதா, மரக்கறி மாறிவிட்டதா, அல்லது சமைக்கும் முறை மாறிவிட்டதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் நாம் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது.

*ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்*

முதலில் இது என்ன மரக்கறி என்று பார்ப்போம். நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் எமது சந்தைகளுக்கு லொறிகளில் வருகின்ற கோவாவை நாம் அறிவோம். நோகோலையும் அறிவோம். கோலிபிளவர், புரொக்கோலி என்பனவும் இப்போது புதியவை அல்ல. இவை எல்லாம் வெவ்வேறு தாவரங்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இவை அனைத்தும் 'பிரசிக்கா ஒலரேசியா' என்ற ஒரே தாவர இனம்.

பல நூற்றாண்டுகளாக விவசாயிகள் தாம் விரும்பிய குணமுள்ள செடியின் விதையை மட்டும் எடுத்து வைத்து, திரும்பத் திரும்ப நட்டார்கள். தண்டு பருத்ததைத் தெரிவு செய்தபோது நோகோல் கிடைத்தது. நுனி மொட்டு பெரிதாக உருண்டதைத் தெரிவு செய்தபோது கோவா கிடைத்தது. பூவைத் தெரிவு செய்தபோது கோலிபிளவரும் புரொக்கோலியும் கிடைத்தன. இலைக் காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் முளைக்கின்ற சிறு மொட்டுகளைத் தெரிவு செய்தபோது கிடைத்ததுதான் பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ். இடுப்பளவு உயரமான ஒரு தண்டில், கீழிருந்து மேல்வரை, தேசிக்காயை விடச் சிறிய கோவாக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். எமது வசதிக்காக இதைக் 'குட்டிக் கோவா' என்றே அழைப்போம்.

பெயரில் உள்ள பிரசல்ஸ், பெல்ஜியத்தின் தலைநகரம். அந்நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில்தான் இந்த மரக்கறி பெயர் பெற்றது. இன்று நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட செங் ஜில் என்ற இடத்து மக்களுக்குக் 'கோவா வெட்டுவோர்' என்ற பட்டப்பெயர் இன்றும் உண்டு. அங்கிருந்து பிரான்ஸ், இங்கிலாந்து என்று பரவி, கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போனது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் 1812ஆம் ஆண்டு தனது மொண்டிசெலோ தோட்டத்தில் இதை நட்டார். 1920களில் கலிபோர்னியாவின் குளிரும் மூடுபனியும் நிறைந்த கரையோரத்தில் இது வர்த்தகப் பயிராக வளர்ந்தது.

*பத்து நிமிடம் என்று சொன்ன புத்தகம்*

இங்கிலாந்தில் எலைசா அக்டன் என்ற பெண்மணி 1845இல் வெளியிட்ட சமையல் நூலில் குட்டிக் கோவாவுக்கும் இடம் கொடுத்திருந்தார். அவர் சொன்ன முறை மிக எளிது. உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் எட்டு முதல் பத்து நிமிடம் வரை வேகமாக அவிக்க வேண்டும். நன்றாக வடித்து, வெண்ணெய் தடவி வாட்டிய பாண் துண்டின் மேல் வைத்துப் பரிமாற வேண்டும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய 180 வருடங்களுக்கு முன்பே பத்து நிமிடம் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சமையலறைகளில் நடந்தது வேறு. மரக்கறியை மெத்தென்று ஆகும்வரை அவிப்பதே சரி என்ற பழக்கம் வேரூன்றியது. குட்டிக் கோவா பச்சை நிறம் போய், சாம்பல் படிந்து, குழைந்து தட்டுக்கு வந்தது. கூடவே வீடு முழுவதும் ஒரு கந்தக வாடையும் வந்தது.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது? இந்தக் குடும்பத்துத் தாவரங்கள் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கந்தகம் கலந்த சில பதார்த்தங்களைத் தமக்குள் வைத்திருக்கின்றன. இவற்றுக்கு குளுக்கோசினோலேட் என்று பெயர். கடித்தாலோ வெட்டினாலோ தாவரத்தின் கலங்கள் உடைந்து, அங்குள்ள ஒரு நொதியம் இவற்றோடு சேர்ந்து காரமான பதார்த்தங்களை உண்டாக்கும். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதுவும் இதே வேலைதான். கடுகும் இந்தக் குடும்பத்தின் நெருங்கிய சொந்தம். நீண்ட நேரம் அவிக்கும்போது கந்தகச் சேர்வைகள் உடைந்து வெளியேறுவதால்தான் அந்த வாடை வருகிறது. அவிய அவிய அது கூடும்.

*பிள்ளைகள் பொய் சொல்லவில்லை*

இன்னுமொரு உண்மையும் இருக்கிறது. ஒரே உணவு எல்லா நாக்குக்கும் ஒரே மாதிரிக் கசப்பதில்லை.

1931இல் அமெரிக்காவின் டுபொண்ட் நிறுவன ஆய்வுகூடத்தில் ஆர்தர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ஒரு தூளைக் கையாண்டுகொண்டிருந்தார். அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்ற சக ஊழியர், வாயெல்லாம் கசக்கிறது என்றார். பொக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கிய ஆய்வுகள், கசப்பை உணரும் திறன் பரம்பரையாக வருவது என்பதைக் காட்டின. 2003இல் அதற்குக் காரணமான மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. அந்தத் தூளைப் போலவே, குட்டிக் கோவா குடும்பத்தின் கசப்பையும் சிலர் மிகக் கூடுதலாக உணர்கிறார்கள். சிலருக்கு அது தெரிவதே இல்லை. பெரியவர்களை விடச் சிறு பிள்ளைகள் கசப்பைக் கூடுதலாக உணர்வதும் அறியப்பட்ட ஒன்று.

ஆகவே "கசக்குது உம்மா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாயின் நாக்குக்குத் தெரியாத கசப்பு பிள்ளையின் நாக்குக்கு உண்மையாகவே தெரியலாம்.

*விளைச்சல் கூடியது, ருசி போனது*

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை இன்னும் மோசமானது. உறைய வைத்த மரக்கறி வியாபாரம் பெருகியது. அறுவடைக்கு இயந்திரங்கள் வந்தன. முன்பு கையால் பறித்த காலத்தில், தண்டின் கீழே முற்றியதை முதலில் எடுத்து, மேலே உள்ளதைப் பிறகு எடுப்பார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. எல்லா மொட்டும் ஒரே அளவில், ஒரே நாளில் முற்ற வேண்டும். விதைக் கம்பனிகள் அதற்கேற்ற வர்க்கங்களை உருவாக்கின. விளைச்சல் கூடியது. தோற்றம் அழகானது. ஆனால் ருசியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. புதிய வர்க்கங்கள் பலவற்றில் கசப்பு ஏறியிருந்தது.

ஒரு தலைமுறையே இந்தக் கசப்பைத்தான் குட்டிக் கோவாவின் இயல்பு என்று நம்பி வளர்ந்தது.

1990களில் நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானி, நோவார்டிஸ் விதை நிறுவனத்தில் பணியாற்றும்போது இந்தக் கசப்பின் காரணத்தைத் தேடினார். அவரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, சினிகிரின், புரோகொயிட்ரின் என்ற இரண்டு பதார்த்தங்களே கசப்புக்கு முக்கிய காரணம் என்று காட்டியது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. விதைக் கம்பனிகள் தமது களஞ்சியங்களில் கிடந்த பழைய விதைகளைத் தேடி எடுத்தன. விளைச்சல் போதாது என்று கைவிடப்பட்ட வர்க்கங்கள் அவை. மீண்டும் நட்டு, கசப்புக் குறைந்தவற்றைத் தெரிவு செய்தார்கள். அவற்றை விளைச்சல் கூடிய புதிய வர்க்கங்களோடு கலப்புச் செய்தார்கள். பல வருட முயற்சிக்குப் பிறகு, விளைச்சலும் ருசியும் சேர்ந்த குட்டிக் கோவா சந்தைக்கு வந்தது.

இன்று கடையில் இருப்பது எமது பெற்றோர் காலத்தில் அங்கு போய்க் குடியேறியவர்கள் சாப்பிட்ட அதே மரக்கறி அல்ல. யாரோ ஒருவர் அந்தப் பழைய விதையை "இனி எதற்கு?" என்று வீசிவிட்டிருந்தால், அந்த ருசி திரும்பி வந்திருக்காது.

*தண்ணீரை விட்டு நெருப்புக்கு*

விதை மாறிய அதே காலத்தில் சமையலும் மாறியது. 2000களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் டேவிட் சாங் என்பவரின் மொமொபுகு உணவகங்கள் போன்ற இடங்களில் குட்டிக் கோவாவை அவிக்காமல், கடும் சூட்டில் சிவக்க வைத்துப் பரிமாறினார்கள். அது வேகமாகப் பரவியது. (அங்குள்ள உணவகங்களில் இதோடு பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.)

தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் சாதாரண பாத்திரத்தில் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. உணவு சிவந்து, வாசம் ஏறுவதற்கு அது போதாது. அதற்கு ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் வேண்டும். அப்போதுதான் உணவில் உள்ள சீனியும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் வாசத்தையும் உண்டாக்கும். போறணையிலிருந்து இறக்கிய பாணின் மேல்தோலில் இருப்பது அந்த வாசம்தான். 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மயார் பெயரில் இது 'மயார் தாக்கம்' எனப்படுகிறது. உலர்ந்த சூட்டில் இந்த இனிப்பும் வாசமும் முன்னுக்கு வர, கசப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த உலர்ந்த சூட்டை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்ததுதான் எயார் பிரையர். அதற்கும் ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 அளவில், அமெரிக்கரான வில்லியம் மக்சன் விமானங்களில் உறைந்த உணவைச் சூடாக்க, மின்விசிறி பூட்டிய ஒரு சிறிய அடுப்பை உருவாக்கினார். ஒரே தடவையில் ஆறு தட்டு உணவு அதில் சூடாகும். 1947இல் அவர் இறந்துவிட, அந்த அடுப்பு வீடுகளுக்கு வந்து சேரவில்லை. சூடான காற்றை விசிறியால் சுழற்றும் எண்ணம் மட்டும் பெரிய ஓவன்களில் தொடர்ந்தது. பிறகு நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெட் வான் டெர் வெய்ஜ், எண்ணெயில் அமிழ்த்தாமல் மொறுமொறுப்பான உருளைக்கிழங்குப் பொரியல் செய்ய வழி தேடி ஒரு சிறு கருவியை வடிவமைத்தார். பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அதை 'எயார்பிரையர்' என்று அறிமுகப்படுத்தியது.

பெயரில் 'பொரித்தல்' இருந்தாலும் இது பொரிப்பதில்லை. மேலே சூடாகும் கம்பி, அதனோடு ஒரு விசிறி, கீழே துளையுள்ள கூடை. சூடான காற்று உணவைச் சுற்றிச் சுற்றி ஓடி, மேற்பரப்பின் ஈரத்தை உலர்த்திச் சிவக்க வைக்கிறது. சொல்லப்போனால் இது ஒரு குட்டிப் போறணை. கசப்பைக் குறைத்த ஆய்வும் இந்தக் கருவியும் ஒரே சிறிய நாட்டில் பிறந்தது ஒரு சுவையான பொருத்தம்.

*சமைக்கும் முறை*

அரைக் கிலோ குட்டிக் கோவாவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். அடிக்காம்பை மெல்லியதாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிரட்டி, 190 பாகையில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். பாதியில் கூடையை ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். நறுக்கிய உள்ளி சேர்ப்பதென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள், முதலிலேயே போட்டால் கருகிவிடும். இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு விட்டால் மீதிக் கசப்பும் அடங்கும்.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். ஈரத்தோடு போட்டால் காற்று முதலில் அந்த ஈரத்தைத்தான் உலர்த்தும். கூடையை நிரப்பி அடுக்கினால் ஆவி வெளியேற இடமில்லாமல் உள்ளே அவிந்துவிடும். அப்படியென்றால் பழைய கதைதான்.

எமது ஊர்ச் சந்தையில் குட்டிக் கோவாவைக் காண்பது அரிது. கவலை இல்லை. சாதாரண கோவாவைத் தடித்த துண்டுகளாக வெட்டியோ, கோலிபிளவரைப் பூப்பூவாகப் பிரித்தோ இதே முறையில் செய்யலாம். ஒரே இனம் என்பதால் ஒரே பாடம் இங்கும் பொருந்தும். எயார் பிரையர் இல்லாதவர்கள், அகன்ற தாச்சியில் கொஞ்சம் எண்ணெயில், மூடி போடாமல், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சிவக்க வைத்தாலும் போதும்.

*இந்த வரலாறு எமக்குச் சொல்வது*

ஒரு மரக்கறிக்கு ஒரு தலைமுறை முழுவதும் கெட்ட பெயர் இருந்தது. விசாரித்துப் பார்த்தால் தவறு மூன்று இடங்களில் இருந்தது: ருசியை மறந்து விதையைத் தெரிவு செய்ததில், அளவுக்கு மீறி அவித்ததில், பிள்ளையின் நாக்கை நம்பாததில். மூன்றும் மனிதர் செய்தவை. மூன்றையும் மனிதரே திருத்தினார்கள்.

எமது நாட்டிலும் கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வள நிலையத்தில் பழைய நெல், மரக்கறி விதைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் மூத்தம்மா காலத்துக் கத்தரியோ, பாகலோ இன்னும் காய்க்கிறதென்றால், அடுத்த போகத்துக்கு இரண்டு காயை முற்ற விட்டு விதை எடுத்து வையுங்கள். நாளை யாருக்கு எது தேவைப்படும் என்று இன்று எமக்குத் தெரியாது.

பிள்ளை ஒரு மரக்கறியை ஒதுக்கினால், அதட்டுவதற்கு முன் ஒரு தடவை வேறு விதமாகச் சமைத்துக் கொடுத்துப் பார்ப்போம். வகுப்பறையிலும் அப்படித்தான். பாடம் ஏறாத பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன், அதை வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தோமா என்று நம்மையே ஒரு தடவை கேட்டுக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒதுக்கும் மரக்கறி எது? எப்படிச் சமைத்தபோது சாப்பிட்டார்கள்? கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.